உங்களுக்குத் தெரியுமா? – 214 கோடிச் சொச்சம்

● 2147483647. நம் கணக்கில் படித்தால் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. யாரோ கண்ணை மூடிக்கொண்டு தட்டிவிட்ட பத்து இலக்கம் மாதிரி இருக்கிறதா? கணிப்பொறி நிரல் எழுதுபவர் யாரையாவது நடுராத்திரியில் எழுப்பிக் கேளுங்கள், பெரும்பாலும் தடுமாறாமல் சொல்லிவிடுவார். இந்த வாரம் முழுப் பக்கமும் இந்த ஒற்றை எண்ணுக்கே.

● இதைச் செய்வது எளிது. 31 இரண்டுகளை வரிசையாக எழுதிப் பெருக்குங்கள். வந்ததிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். முடிந்தது.

● பத்தடிமானத்தில்தான் இது இப்படிக் கலைந்த தலையோடு நிற்கிறது. கணிப்பொறியின் இரும முறையில் எழுதினால் 31 ஒன்றுகள் வரிசையாக நிற்கும், நடுவில் ஒரு சுழியம்கூடக் கிடையாது. எட்டடிமானத்தில் ஒரு 1, அதன் பின்னால் பத்து 7. இவ்வளவு ஒழுங்கான எண் நம் பத்து விரல் கணக்கில் மட்டும் ஏன் ஒழுங்கற்றுத் தெரிகிறது என்றால், குற்றம் விரலின் மேல்தான்.

● இது பகா எண். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் மீதியின்றி வகுபடாது. சொல்வது சுலபம், நிரூபிப்பதுதான் கஷ்டம். பள்ளிக்கூட முறைப்படி போனால், இதன் வர்க்கமூலம் 46,340-ஐச் சற்றுத் தாண்டும். அதுவரை உள்ள பகா எண்கள் 4,792. அத்தனையாலும் வகுத்துப் பார்த்து, ஒவ்வொரு முறையும் மீதி வருகிறது என்று காட்ட வேண்டும். தாளும் மைப்பேனாவும் மட்டும் இருந்த காலத்தில் இதை யார் உட்கார்ந்து செய்வது?

● செய்தவர் கணிதமேதை லியோனார்ட் ஆய்லர். முடிவு அச்சில் வந்தது 1772-இல், அவர் பெர்லினில் இருந்த கணிதர் பெர்னூலிக்கு எழுதிய கடிதமாக. ஆனால் 4,792 வகுத்தல் போடவில்லை. கணக்கு தெரிந்தவன் முதலில் வேலையைக் குறைப்பான்.

அவர் குறைத்த விதம் பார்க்க வேண்டியது. நாம் பெருக்கிய இரண்டுகளின் எண்ணிக்கை, அதாவது அடுக்கு, 31. அதுவும் ஒரு பகா எண். ஆகவே நம் எண்ணுக்கு ஒரு பகாக் காரணி இருந்தால், அதை 62-ஆல் (31-இன் இரு மடங்கு) வகுக்கும்போது மீதி 1 வந்தே ஆக வேண்டும். இது முந்தைய நூற்றாண்டுக் கணிதர் ஃபெர்மா விட்டுச்சென்ற விதி. இன்னொரு விதி, அந்தக் காரணியை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே வரலாம் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால், காரணியை 248-ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63. மற்ற எண்களை எல்லாம் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம்.

இனி வரிசையாக வாருங்கள். 63 பகா எண் அல்ல, தள்ளு. 249 மூன்றால் வகுபடும், தள்ளு. 311 பகா எண், போட்டுப் பார். 311 × 69,05,092 = 214,74,83,612. மீதி 35. இது இல்லை. அதற்கடுத்து 497, 559, 745, 807, 993, 1055, 1241 எல்லாம் பகு எண்கள், வரிசையாகக் கழன்றுபோகும். அடுத்த உண்மையான வேட்பாளர் 1303. ஏழு எண்ணை ஒரே மூச்சில் தாண்டிவிட்டோம், கவனித்தீர்களா? இப்படியே 46,340 வரை போனால் போட வேண்டிய வகுத்தல் ஏறத்தாழ எண்பதுதான். 4,792 எங்கே, எண்பது எங்கே.

● ஃபெர்மாவின் அந்த விதியைச் சின்ன எண்ணில் சோதிக்கலாம். 2-இன் 11-ஆம் அடுக்கிலிருந்து 1 போனால் 2047. அது 23 × 89. 22-ஆல் வகுத்துப் பாருங்கள். 23-க்கும் மீதி 1, 89-க்கும் மீதி 1.

● இதே 2047 இன்னொன்றையும் சொல்கிறது. அடுக்கு பகா எண்ணாக இருந்துவிட்டால் மட்டும் விடையும் பகா எண்ணாகிவிடாது. 2, 3, 5, 7 ஆகிய அடுக்குகளுக்கு 3, 7, 31, 127 என்று அழகாக வந்து நம்பிக்கை கொடுத்துவிட்டு, 11-இல் காலை வாரிவிடும்.

● ஆய்லருக்கு வலது கண் பார்வை முப்பது வயதை ஒட்டியே போய்விட்டது. மற்றக் கண்ணில் புரை. 1771-இல் செய்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு அதுவும் கிட்டத்தட்டப் போயிற்று. ஆக, மேலே சொன்ன முடிவு வெளியான காலத்தில் அவர் புனித பீட்டர்ஸ்பர்க்கில் ஏறக்குறையப் பார்வையற்றவர். கணக்கை மனத்தில் போட்டு, வாயால் சொல்லி, உதவியாளர்களை எழுதவைத்தார். அவருடைய படைப்புகளில் ஒரு பெரும்பகுதி இந்தக் கடைசிக் காலத்தைச் சேர்ந்தது.

● இந்த எண் பகா எண் என்று முதலில் அடித்துச் சொன்னவர் ஆய்லர் அல்ல. இத்தாலியரான கட்டால்டி 1603-இலேயே 23, 29, 31, 37 ஆகிய நான்கு அடுக்குகளும் பகா எண் தரும் என்று எழுதினார். நான்கில் மூன்று தப்பு. 23-ஐயும் 37-ஐயும் ஃபெர்மா 1640-இல் கவிழ்த்தார். 29-ஐ ஆய்லர் கவிழ்த்தார். (அது 233 × 1103 × 2089.) மிஞ்சி நின்றது 31 மட்டும்.

● 2-இன் அடுக்கிலிருந்து ஒன்று போக வரும் இந்தப் பகா எண் குடும்பத்துக்கே பேர் கொடுத்தவர் பிரெஞ்சுத் துறவி மரேன் மெர்சென். 1644-இல் 257 வரைக்குமான அடுக்குகளில் எவை பகா எண் தரும் என்று ஒரு பட்டியல் போட்டார். அதிலும் 67, 257 இரண்டும் தவறு. 61, 89, 107 மூன்றும் விடுபட்டவை. பட்டியல் தப்பானாலும் பேர் நிலைத்துவிட்டது: 'மெர்சென் பகா எண்கள்'. நம் எண் அதில் எட்டாவது.

● மெர்சென் சறுக்கிய 67-இன் கதை தனி. 1903 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் ஃபிராங்க் கோல் என்பவர் கரும்பலகைக்குப் போனார். ஒரு பக்கம் 2-இன் 67-ஆம் அடுக்கைக் கணக்கிட்டு ஒன்றைக் கழித்தார். மறுபக்கம் 193707721-ஐயும் 761838257287-ஐயும் பெருக்கினார். இரண்டு விடையும் ஒன்று. ஒரு வார்த்தை பேசாமல் வந்து உட்கார்ந்தார், அரங்கம் கைதட்டியது என்பார்கள். பேசவில்லை என்பதைப் பிற்காலத்தில் கொஞ்சம் மெருகேற்றிச் சொல்லியிருக்கலாம். பெருக்கல் மட்டும் சரியானது, வேண்டுமானால் போட்டுப் பாருங்கள்.

● 6-இன் காரணிகள் 1, 2, 3. கூட்டினால் 6. 28-இன் காரணிகள் 1, 2, 4, 7, 14. கூட்டினால் 28. தன்னை விட்டுவிட்டு மற்றக் காரணிகளைக் கூட்டினால் தானே திரும்ப வரும் எண்ணுக்கு நிறைவெண் என்று பெயர். ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஒரு நிறைவெண்ணைக் கையோடு கூட்டிவரும் என்பது யூக்ளிட் காலத்துச் செய்தி. நம் எண் கூட்டிவருவது 2305843008139952128. எட்டாவது நிறைவெண், 19 இலக்கம்.

இதை மூன்று வழியில் உண்டாக்கலாம். ஒன்று, 2-இன் 30-ஆம் அடுக்கால் நம் எண்ணைப் பெருக்குவது. இரண்டு, 1 + 2 + 3 என்று தொடங்கி 2147483647 வரை விடாமல் கூட்டுவது. அதாவது அது ஒரு முக்கோண எண். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: ஒற்றைப்படை எண்களின் கனங்களை 1-இலிருந்து வரிசையாகக் கூட்டிக்கொண்டே போய், 65535-இன் கனத்தோடு நிறுத்துங்கள். அதே 19 இலக்கம் வந்து நிற்கும். சின்ன அளவில் பார்க்க, 1 + 27 = 28. அல்லது 1 + 27 + 125 + 343 = 496. இரண்டும் நிறைவெண்கள்.

● பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலக் கணிதர் 1811-இல் எழுதிய எண் கணித நூலில் இந்த நிறைவெண்ணைப் பற்றி ஒரு தீர்ப்பு வழங்கினார். இதைவிடப் பெரியது இனி யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஏனென்றால் இவை வேடிக்கைக்கு உதவுமே தவிரக் காரியத்துக்கு உதவாது, வேலை மெனக்கெட்டு யார் தேடப்போகிறார்கள் என்பது அவருடைய வாதம்.

தேடினார்கள். 1876-இல் பிரெஞ்சுக்காரர் எதுவார் லூக்காஸ் அடுக்கு 127-ஐப் பிடித்தார். 39 இலக்கம், கையாலேயே. 1883-இல் ரஷ்யக் கிராமப் பாதிரியார் பெர்வூஷின் 61-ஐப் பிடித்தார். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட அடுக்கு 13,62,79,841. அந்தப் பகா எண்ணுக்கு 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கம். 52 மெர்சென் பகா எண்கள் இப்போது தெரியும். காரியத்துக்கு உதவாது என்ற வாதம் என்ன ஆயிற்று என்பது கீழே வரும்.

● பார்லோவின் பக்கம் ஒரு நியாயம் உண்டு. 1772-க்குப் பிறகு எண்பது ஆண்டுக்கு மேல் மனிதருக்குத் தெரிந்த மிகப் பெரிய பகா எண்ணாக இந்த 2147483647-தான் இருந்தது. அவர் எழுதிய நாளில் சாதனை முறியும் அறிகுறி எதுவும் இல்லை.

● லூக்காஸ் 127-ஐப் பிடித்தது வகுத்துப் பார்த்து அல்ல. அவர் கண்ட சோதனையை 1930-இல் டி. எச். லேமர் செப்பனிட்டார். முறை இவ்வளவுதான்: 4-இல் தொடங்கு. வர்க்கப்படுத்தி 2-ஐக் கழி. சோதிக்க வேண்டிய எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள். இதையே அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை செய். கடைசியில் சுழியம் வந்தால் பகா எண்.

அடுக்கு 5-க்குச் செய்து பார்ப்போம். சோதிக்க வேண்டியது 31, தடவை மூன்று. 4-இன் வர்க்கம் 16, இரண்டு போக 14. 14-இன் வர்க்கம் 196, இரண்டு போக 194, அதை 31-ஆல் வகுக்க மீதி 8. 8-இன் வர்க்கம் 64, இரண்டு போக 62, மீதி சுழியம். 31 பகா எண்தான். ஏமாற்றுக்காரன் 2047-க்கு ஒன்பது தடவை செய்தால் கடைசியில் 1736 வரும். சுழியம் இல்லை, பிடிபட்டான். ஆனால் காரணிகள் எவை என்று இந்தச் சோதனை சொல்லாது.

நம் 2147483647-க்கு இதே சோதனை 29 தடவையில் முடியும். இந்தப் பக்கத்தைப் படிக்கும் கைபேசிக்கு அது கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை.

● இதே லூக்காஸ்தான் 1883-இல் 'ஹனோய் கோபுரம்' என்ற விளையாட்டை வெளியிட்டார். மூன்று கம்பி, ஒன்றில் அளவு வாரியாக அடுக்கிய தட்டுகள். ஒரு நேரத்தில் ஒரு தட்டு, சின்னதன் மேல் பெரியது வரக்கூடாது. 31 தட்டு உள்ள கோபுரத்தை முழுசாக இடம் மாற்றக் குறைந்தது எத்தனை நகர்த்தல்? சரியாக 2147483647. நொடிக்கு ஒன்றாக, தூங்காமல் கொள்ளாமல் நகர்த்தினால் 68 ஆண்டும் 18 நாளும் சில மணி நேரமும் ஆகும். இந்த 68 ஆண்டை நினைவில் வையுங்கள், வேறு வேஷத்தில் மறுபடி வரும்.

● சதுரங்கக் கட்டத்தில் ஒன்று, இரண்டு, நான்கு என்று இரட்டித்துக்கொண்டே தானியம் வைக்கச் சொன்ன கதை தெரிந்ததுதான். கேரளத்தில் அம்பலப்புழை பால்பாயசத்துக்கே அந்தக் கதையைக் காரணமாகச் சொல்வார்கள். 31-ஆம் கட்டம் வரை வைத்தபின் பலகையில் உள்ள மணிகளை எண்ணினால் 2147483647. ஒரு அரிசி 20 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் 43 டன். இதுவரை அரசன் சமாளித்துவிடுவான். அடுத்த ஒரே கட்டத்துக்கு, இதுவரை வைத்த மொத்தத்தையும்விட ஒரு மணி அதிகம் வேண்டும். சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

● கணிப்பொறிக்கு வருவோம். பல நிரல் மொழிகளில் ஒரு சாதாரண முழு எண்ணுக்கு ஒதுக்கும் இடம் 32 பிட், அதாவது 32 இரும இலக்கம். அதில் ஒன்று கூட்டலா கழித்தலா என்ற குறிக்குப் போய்விடும். மீதி 31 பிட்டும் ஒன்றாக நிரம்பினால் வருவதுதான் நம் எண். அதற்கு மேல் இடம் இல்லை.

இல்லாத இடத்தில் இன்னொரு 1-ஐக் கூட்டினால்? மிச்சம் தாண்டித் தாண்டிப் போய்க் குறியின் இடத்தில் உட்காரும். எண் தலைகீழாகக் கவிழும். பல மொழிகளில் விடை −2147483648. இருப்பு 214 கோடி இருந்த கணக்கில் ஒரு ரூபாய் போட்டவுடன் 214 கோடி கடன்.

● கழித்தல் பக்கம் ஒரு எண் அதிகம் இருப்பதைக் கவனித்தீர்களா? சுழியம் வந்து கூட்டல் பக்கத்தில் ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டதால் வந்த வினை. இதனால் ஜாவா மொழியில் −2147483648-இன் தனிமதிப்பைக் கேட்டால், அதே −2147483648-ஐத் திருப்பித் தரும். குறியை எடுத்துவிடு என்று சொன்னால், எடுத்த பின்னும் கழித்தலாகவே நிற்கும் ஒரே எண்.

● இந்தியாவில் கைபேசி எண் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில்தான் தொடங்கும், பத்து இலக்கம். ஆகவே இந்த நாட்டின் கைபேசி எண் ஒவ்வொன்றும் 2147483647-ஐவிடப் பெரியது. தரவுத்தளத்தில் கைபேசி எண்ணுக்கான கட்டத்தைச் சாதாரண முழு எண் என்று அறிவித்துவிட்டு, கண்டிப்பு முறையையும் இயக்காமல் விட்டால், மை-எஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் கூச்சமே இல்லாமல் எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே எண்ணைப் பதிந்துவைக்கும்: 2147483647. புதிதாக நிரல் எழுத வருபவர்கள் இந்த எண்ணை முதன்முதலில் சந்திப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

● 2014 டிசம்பரில் யூட்டியூப் ஓர் அறிவிப்பு விட்டது. கொரியப் பாடகர் சையின் 'கங்னம் ஸ்டைல்' காணொளியைப் பார்த்தோர் எண்ணிக்கை 32 பிட்டைத் தாண்டுகிறது, எனவே எண்ணியை 64 பிட்டுக்கு மாற்றிவிட்டோம் என்று. புதிய உச்சவரம்பு 9223372036854775807. இனி எந்தப் பாட்டு வந்தாலும் தாங்கும்.

● 2009 ஜூனில் ட்விட்டர் பதிவுகளின் வரிசை எண் 2147483647-ஐக் கடந்தது. அதை 32 பிட்டில் வாங்கிக்கொண்டிருந்த சில வெளிச் செயலிகள் படுத்துவிட்டன. 2017 ஜூனில் செஸ்.காம் தளத்தில் ஆட்டங்களின் வரிசை எண் அதே இடத்துக்கு வந்தது. பழைய 32 பிட் ஐபேடு வைத்திருந்தவர்களால் காய் நகர்த்த முடியவில்லை. சதுரங்கப் பலகை 31-ஆம் கட்டத்தில் முட்டிக்கொண்டது என்று எழுதக் கை துறுதுறுக்கிறது, எழுதிவிட்டேன்.

● 2015-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் போயிங் 787 விமானங்களுக்கு ஓர் உத்தரவு போட்டது. 248 நாள் தொடர்ந்து மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்தால், மின்னாக்கிகளின் கட்டுப்பாட்டு அலகுகள் எல்லாம் ஒரே நேரத்தில் பாதுகாப்பு நிலைக்குப் போய், விமானம் மாறுதிசை மின்சாரத்தை இழக்கக்கூடும். ஆகவே அதற்குள் ஒருமுறை அணைத்துப் போடுங்கள். உள்ளே ஓடும் எண்ணி ஒன்று நிரம்பி வழிவதுதான் காரணம். நொடியில் நூறில் ஒரு பங்கை ஒன்றாக எண்ணினால் 2147483647 நிரம்ப 248 நாளும் அரை நாளும் ஆகும் என்பதைப் பலரும் உடனே கணக்குப் போட்டுப் பார்த்தார்கள்.

ஆய்லர் வகுத்த 248-உம் இந்த 248-உம் ஒன்றா? இல்லை. அது எட்டு முப்பத்தொன்று, இது ஒரு நாளுக்கு 86,400 நொடி என்பதால் வந்தது. தற்செயல்தான். எண்களோடு பழகினால் இப்படிக் கண்ணடிப்பவை நிறைய வரும், எல்லாவற்றுக்கும் அர்த்தம் தேடிக்கொண்டிருக்க முடியாது.

● அகர வரிசையில் உள்ள பட்டியலை நடுவில் பிரித்துப் பிரித்துத் தேடுவது நிரலரின் அரிச்சுவடி. நடுவைக் கண்டுபிடிக்கத் தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் கூட்டிப் பாதியாக்குவார்கள். பட்டியல் மிகப் பெரிதானால் அந்தக் கூட்டுத்தொகையே 2147483647-ஐத் தாண்டி, நடு என்பது கழித்தல் எண்ணாகிவிடும். ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே இந்தப் பிழை சுமார் ஒன்பது ஆண்டு உட்கார்ந்திருந்ததை, அதை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006-இல் வெளியில் சொன்னார். மூன்று வரிக் கணக்கு. அதற்குள் ஒன்பது வருஷம்.

● 'காரியத்துக்கு உதவாது' என்றாரே பார்லோ, பதில் இங்கே. கணிப்பொறி தானாகச் சீட்டுக் குலுக்கிப் போடாது. அதற்குச் சூத்திரம் வேண்டும். பழைய சூத்திரம் ஒன்று: கையில் உள்ள எண்ணை 16807-ஆல் பெருக்கு, 2147483647-ஆல் வகு, மீதியை எடுத்துக்கொள். 1969-இல் ஐபிஎம் இயந்திரங்களுக்காக முன்வைக்கப்பட்டு, 1988-இல் பார்க், மில்லர் இருவரும் குறைந்தபட்சத் தரம் என்று பரிந்துரைத்தது இது. அடிப்படை யோசனை மேலே பார்த்த அதே லேமருடையது.

1-இல் தொடங்கினால் வருவது 16807, 282475249, 1622650073, 984943658... முன்பின் தொடர்பே இல்லாததுபோல் துள்ளும். ஆனால் 1 முதல் 2147483646 வரை ஒவ்வொரு எண்ணையும் சரியாக ஒரே ஒரு முறை தொட்டுவிட்டுத்தான் பழைய இடத்துக்குத் திரும்பும். வகுக்கும் எண் பகா எண் என்பதாலும் 16807 (அது 7-இன் ஐந்தாம் அடுக்கு) பொருத்தமாக அமைந்ததாலும் கிடைத்த வசதி இது. சூத்திரத்தைச் சரியாக எழுதினோமா என்று பார்க்க ஒரு சோதனையும் உண்டு: பத்தாயிரமாவது எண் 1043618065 என்று வர வேண்டும். ரகசியக் குறியீட்டு வேலைக்கு மட்டும் இதைத் தொடாதீர்கள். ஒரு எண்ணைப் பார்த்தவன் அடுத்ததைச் சொல்லிவிடுவான்.

● ஒரு படி கீழே இறங்குங்கள். 2147483646 எதாலும் வகுபடும் தாராளக்காரன்: 2 × 3 × 3 × 7 × 11 × 31 × 151 × 331. அதில் 31 உட்கார்ந்திருப்பது தற்செயல் அல்ல, ஃபெர்மாவின் சிறிய தேற்றம் போட்ட கட்டளை. ஒரு படி மேலே ஏறினால் 2147483648, வெறும் இரண்டுகளின் பெருக்கம். தாராளக்காரனுக்கும் இரண்டுகளுக்கும் நடுவில் யாருக்கும் பிடிகொடுக்காமல் நிற்கிறது நம் ஆள்.

● குறிக்கு இடம் விடாமல் 32 பிட்டையும் நிரப்பினால் 4294967295. சதுரங்கப் பலகையின் பாதி அது. காரணிகளைப் பாருங்கள்: 3 × 5 × 17 × 257 × 65537. ஐந்தும் ஃபெர்மா பகா எண்கள் (2-இன் இரட்டித்துக்கொண்டே போகும் அடுக்குகளோடு 1 கூட்ட வரும் பகா எண்கள்). இதுவரை தெரிந்த ஃபெர்மா பகா எண்களே இந்த ஐந்துதான், ஒன்று விடாமல் இங்கே இருக்கின்றன. அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து வரையக்கூடிய ஒற்றைப்படைப் பக்கப் பலகோணங்களில், நமக்குத் தெரிந்த மிகப் பெரியதற்குப் பக்கங்கள் 4294967295. வரைந்தவர் யாரும் இல்லை, வரையலாம் என்பதற்கு உத்தரவாதம் மட்டும் உண்டு.

அதற்கு இரண்டு தள்ளி 4294967297. இதுவும் பகா எண் என்று நம்பினார் ஃபெர்மா. 641-ஆல் வகுபடும் என்று 1732-இல் காட்டினார் ஆய்லர். 641-ஐ 64-ஆல் வகுத்தால் மீதி 1. நாற்பது ஆண்டு கழித்து 2147483647-க்குப் போட்ட சல்லடை இங்கேயே ஒத்திகை பார்த்தாகிவிட்டது.

● யூனிக்ஸ் வழிவந்த கணிப்பொறிகளுக்குத் தேதி தெரியாது. 1970 ஜனவரி 1 கிரீன்விச் நள்ளிரவிலிருந்து எத்தனை நொடி போயிற்று என்பதுதான் தெரியும். அந்த நொடியை 32 பிட்டில் எண்ணும் கருவிகளுக்கு 2147483647-ஆவது நொடி, நம் நேரப்படி 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி. பொங்கல் விடுமுறை முடிந்து எல்லோரும் வேலைக்குக் கிளம்பும் நேரம். அடுத்த நொடி 1901 டிசம்பர் 14 விடிகாலை 2 மணி 15 நிமிடம் 52 நொடியாகத் தெரியும். ஹனோய் கோபுரத்தின் 68 ஆண்டு இதுதான்.

இதற்கு 2038 வரை காத்திருக்கத் தேவையில்லை. 20 ஆண்டு வீட்டுக்கடனுக்குத் தவணை அட்டவணை போடும் நிரல் 2018-இலேயே அந்தத் தேதியைத் தொட்டுவிட்டது. கைபேசி, மடிக்கணினி எல்லாம் பெரும்பாலும் 64 பிட்டுக்கு மாறிவிட்டன, அதில் 29,200 கோடி ஆண்டுக்குக் கவலை இல்லை. 32 பிட் இயந்திரங்களுக்கும் 2020-இல் வந்த லினக்ஸ் 5.6 வழி செய்து கொடுத்தது. கவலை எல்லாம் சுவருக்குள்ளும் இயந்திரத்துக்குள்ளும் பதித்துவிட்டு யாரும் திரும்பிப் பார்க்காத சின்னச் சின்னக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைப் பற்றித்தான்.

● அடுக்கு 31-உம் ஒரு மெர்சென் பகா எண்தான் (2-இன் ஐந்தாம் அடுக்கு, ஒன்று போக). மெர்சென் பகா எண்ணையே அடுக்காக வைத்துப் பிறந்த மெர்சென் பகா எண்கள் இதுவரை நான்குதான் தெரியும்: 7, 127, 2147483647, லூக்காஸ் பிடித்த அந்த 39 இலக்கம்.

சரி, 2147483647-ஐயே அடுக்காக வைத்தால்? வரும் எண்ணுக்கு 64 கோடியே 64 லட்சத்து 56 ஆயிரத்து 993 இலக்கம். எழுத இடமில்லாத இந்த மலையும் பகா எண் அல்ல. 295257526626031 என்ற 15 இலக்கக் காரணியில் 1983-இல் உடைந்தது. அந்தக் காரணியை 2147483647-இன் இரு மடங்கால் வகுத்துப் பாருங்கள், மீதி 1. அதே பழைய விதி.

லூக்காஸின் 39 இலக்க எண்ணை அடுக்காக வைத்தால் வரும் எண் பகா எண்ணா இல்லையா என்பது இன்று வரை யாருக்கும் தெரியாது. காரணி தேடிக்கொண்டிருக்கிறார்கள், ஒன்றும் அகப்படவில்லை. அந்த எண்ணில் எத்தனை இலக்கம் இருக்கிறது என்று எழுதவே 38 இலக்கம் வேண்டும்.